முன்பனியும் முன்னறிவிப்பும்

‘இவ்வாண்டு முன்பனிக் காலத்தில் மலைப்பகுதிகளிலும் பள்ளத்தாக்குகளிலும் குளிர் மிதமாகவே இருக்கும்’ என்று நாளிதழில் ஒரு செய்தி வெளிவருமாயின், அதனைப் படிக்கும் நம்மனோர் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது? சமவெளியில் வாழும் நாம், ‘நல்லதாயிற்று, விடுமுறையில் உதகைக்குச் சென்று வரலாம், கம்பளிச் சட்டைக்குச் செலவிடும் பணமும் மிச்சம்’ என்று மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். மலையிலே பிறந்து வளர்ந்து நம்மோடு பயிலும் மாணவரோ அங்ஙனம் மகிழ்வதில்லை. ‘மிதமா? யாருக்கு மிதம்? எந்த இடத்தில் மிதம்? பகலிலா, இரவிலா?’ என்று அவர் வினவுவர். இவ்வினாக்கள் நகைத்துத் தள்ளத்தக்கன அல்ல. ஆராய்ந்து விடை காணத்தக்கன என்பதே இக்கட்டுரை கூற விழையும் கருத்து.

வானிலை அறிவைப் பழிப்பது எம் நோக்கமன்று என்பதை முதற்கண் கூறிவிடுகின்றோம். ‘மழை வரும் என்றார்; வெயில் காய்ந்தது’ என்று அத்துறையினரை எள்ளி நகையாடுதல் யாவர்க்கும் எளிது. அவ்வெளிய வேலையை யாம் மேற்கொள்ளவில்லை. முன்னறிவிப்பு முற்றிலும் மெய்யாகவே இருக்கட்டும். மெய்யான முன்னறிவிப்பும் பிழைபட உணரப்படுமாயின், பொய்யான முன்னறிவிப்பினால் விளையும் கேட்டிற்குக் குறையாத கேட்டினை விளைக்கும் என்பதனையே ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது நாம் அறிந்ததே. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எஞ்சிய நான்கு திங்களும் இளவேனிலும் முதுவேனிலும் ஆம். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரை உரிய பொழுதாக்கிய தொல்காப்பியர், முன்பனியும் அதற்கு உரித்தென்றார். மலையை நினைக்கும்போதே குளிரையும் உடன் நினைத்தல் நம் முன்னோர் மரபு. அவர் கூதிரையும் முன்பனியையும் ஒன்றாக்கி ‘குளிர்காலம்’ என்று கூறிவிடாமல் வேறு வேறாக வைத்தமை உற்று நோக்கத்தக்கது. கூதிர், மேகமும் மழையும் வாடையும் கலந்த குளிர். முன்பனி, மழை ஓய்ந்து வானம் வெளிவாங்கியபின் வரும் குளிர். குளிர் இரண்டிற்கும் பொதுவேயெனினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. இந்நுட்பத்தை மறந்தமையாலேயே இன்று ‘மிதம்’ என்னும் ஒரு சொல்லில் நாம் மயங்குகின்றோம்.

இனி, அம்முன்னறிவிப்பு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சிறிது காண்போம். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1904 முதல் 1924 வரை அத்துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்பார், பசிபிக் மாகடலின் மேலும் இந்துமாகடலின் மேலும் உள்ள காற்றழுத்தம் துலாக்கோலின் இரு தட்டுகளைப்போல் ஒன்று ஏற ஒன்று தாழ்தலைக் கண்டு, அதற்குத் ‘தென்னூசல்’ என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். எங்கோ கிடக்கும் கடலின் வெப்பம் நம் நாட்டு மழையையும் குளிரையும் ஓரளவு மாற்ற வல்லது என்னும் அறிவு அதிலிருந்து வளர்ந்தது. இன்று அத்துறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மூன்று திங்களுக்கும் சேர்த்து வெப்பநிலை எவ்வாறிருக்கும் என்பதனைப் பருவத்தின் தொடக்கத்திலேயே கூறுகின்றது.

ஆனால் அதனை எவ்வாறு கூறுகின்றது? ‘இயல்பினும் மிகுதி, இயல்பு, இயல்பினும் குறைவு’ என மூன்று கூறுகளாக்கி, ஒவ்வொன்றும் நிகழ்தற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு இத்துணை என்று கூறுகின்றது. ஒன்றும் அறியாத நிலையில் மூன்றிற்கும் ஏறக்குறைய 33 பங்கு உண்டு. ‘இயல்பினும் மிகுதி’ என்பதற்கு 55 பங்கு வாய்ப்பு உண்டெனின், துலாக்கோல் அப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதே அதன் பொருள். எஞ்சிய 45 பங்கு அழிந்துபோகவில்லை. மேலும், ‘இயல்பு’ என்பது 1991 முதல் 2020 வரையுள்ள முப்பது ஆண்டுகளின் சராசரி. பத்தாண்டிற்கு ஒருமுறை இவ்வளவுகோல் புதுப்பிக்கப்படும். உலகு வெப்பமடைந்து வருதலின் அளவுகோலும் உடன் ஏறுகின்றது. நம் பாட்டனார் ‘மிதம்’ என்று கருதியிருக்கக்கூடிய குளிர், நம் காலத்தில் ‘இயல்பு’ என்று பெயர் பெறுதல் கூடும். ஆதலின், அறிவியலார் எண்ணி எண்ணி அளந்து கூறிய சொல், செய்தித்தாளின் தலைப்பில் ‘குளிர் குறையும்’ என்று சுருங்கும்போதே அதன் பொருளிற் பாதி கழிந்துவிடுகின்றது.

எஞ்சிய பாதியும் சராசரியில் மறைகின்றது. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு நாள் பகலில் 15 டிகிரியும் இரவில் 9 டிகிரியும் வெப்பநிலை உளதாகக் கொள்வோம். இரண்டின் சராசரி 12. மற்றொரு நாள் பகலில் 22 டிகிரியும் இரவில் 2 டிகிரியும் உளதாகக் கொள்வோம்; அதன் சராசரியும் 12. கணக்கேட்டில் இரு நாட்களும் ஒன்றே. நிலத்திலோ, முன்னது மேகம் கவிந்து மழை தூறும் கூதிர்நாள். பின்னது பகலெல்லாம் வெயில் எறித்து இரவில் புல் உறையும் முன்பனிநாள். முன்னதில் செடி தழைக்கும்; பின்னதில் கருகும். இனி, பின்னாளின் பகல் வெப்பம் 24 டிகிரி ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். சராசரி 13 ஆக உயரும். ‘குளிர் மிதம்’ என்பது மெய்யாகிவிடும். இரவின் 2 டிகிரியோ அவ்வாறே நிற்கும். ஆகவே ‘பகலிலா, இரவிலா?’ என்று மலைநாட்டு மாணவர் வினவியது அறியாமையால் அன்று, பட்டறிவால் என்க.

‘எந்த இடத்தில்?’ என்னும் வினாவிற்கு வருவோம். உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்று நாம் பள்ளியிற் பயின்றோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்வை சொட்ட வண்டியேறியவர் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் இறங்கியவுடன் போர்வையைத் தேடுவது அதனாலேயே. பகற்பொழுதிற்கு இவ்விதி பொருந்தும். காற்றின்றி மேகமுமின்றி அமைந்த முன்பனி இரவிலோ இவ்விதி தலைகீழாகின்றது. கதிரவன் மறைந்தபின் நிலம் தான் பகலிற் பெற்ற வெப்பத்தை வானை நோக்கி வெளியிடுகின்றது. மேகம் இருப்பின் அது போர்வைபோல் நின்று அவ்வெப்பத்திற் பெரும்பகுதியை மீண்டும் நிலத்திற்கே தரும். மேகம் இல்லையெனின் வெப்பம் போனது போனதே. நிலம் குளிர, நிலத்தைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமுடையது. ஆதலின் அது சரிவின் வழியே நீரைப்போல் மெல்ல வழிந்து சென்று பள்ளத்தாக்கின் அடியில் குளம்போல் தேங்கும். அப்பொழுது மேட்டில் உள்ளவனைவிடப் பள்ளத்தில் உள்ளவனே மிகுதியாக நடுங்குவான். 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டா மலையின் சரிவிற் சில இடங்கள் தப்பியிருக்க, அதனினும் தாழ்ந்த காந்தல், தலைக்குந்தா முதலிய தாழ்நிலங்களில் புல் வெளுத்துக் கிடத்தலின் காரணம் இதுவே.

மற்றொரு நுட்பமும் உண்டு. வானிலை நிலையத்தார் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள ஒரு வெண்ணிறப் பெட்டிக்குள், தரையிலிருந்து மனிதனின் மார்பளவு உயரத்தில் வைப்பர். எங்கும் ஒரே முறையில் அளத்தல் வேண்டுமாதலின் அது தக்க முறையே. ஆயினும் தெளிந்த இரவில் தரையும் புல்லும் இலையும் அப்பெட்டிக்குள் இருக்கும் காற்றினும் பல டிகிரி மிகுதியாகக் குளிர்ந்துவிடும். கருவி 2 அல்லது 3 டிகிரி என்று காட்டும்போதே புல்லின்மேல் நீர் உறைந்திருக்கும். கருவி பொய் கூறவில்லை. அது காற்றின் செய்தியைக் கூறுகின்றது. உழவனுக்கு வேண்டுவதோ இலையின் செய்தி.

இவற்றையெல்லாம் யாம் நூலிற் படித்தறிந்ததினும் ஒருநாள் இரவிற் கண்டறிந்தது மிகுதி. எம்முடன் பயிலும் தோழர் ஒருவரின் இல்லம் உதகைக்கு அண்மையில் ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் உள்ளது. அவர் தந்தையார்க்குச் சரிவில் ஒரு துண்டும் அடியில் ஒரு துண்டுமாகச் சிறிது தேயிலைத் தோட்டம் உண்டு. ஒரு தைத்திங்களில் அங்குச் சென்றிருந்தோம். பகலெல்லாம் இனிய வெயில். ‘மலைக்குளிர் என்று அஞ்சினோமே, இத்துணை இன்பமாக உள்ளதே’ என்று யாம் கூறிக்கொண்டிருந்தோம். அந்தியில் அப்பெரியவர் வாயிலில் நின்று சற்றுநேரம் வானத்தை நோக்கினார். பின்னர் எம்மைப் பார்த்து, ‘தம்பி, காற்று நின்றுவிட்டது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பகலில் காய்ந்தீர்களே வெயில், அதற்கு நாளைக் காலையில் விலை கொடுக்கவேண்டும்’ என்றார். இரவு உணவிற்குப்பின் வீட்டார் அனைவரும் கீழ்த்தோட்டத்திற்குச் சென்று, வெட்டி வைத்திருந்த தழைகளைச் செடிகளின்மேல் பரப்பினர். யாமும் உடன் சென்றோம். தழை பாதித் தோட்டத்திற்கே போதியதாயிருந்தது.

விடியலில் எழுந்து பார்த்தபோது பள்ளத்தாக்கின் அடி முழுதும் உப்பளம்போல் வெளுத்திருந்தது. தழையிட்ட செடிகள் ஒருவாறு தப்பின. தழையிடாத செடிகளின் கொழுந்தில் வெண்பொடி படிந்திருந்தது; வெயில் ஏறியபின் அக்கொழுந்துகள் தீயிற் காட்டியவைபோல் கருகித் தொங்கின. மேல்சரிவில் இருந்த துண்டோ பச்சைப்பசேலென்று இருந்தது. இரண்டிற்கும் இடையே நூறு அடி உயரமும் இராது. வீட்டுத் திண்ணையில் கிடந்த பழைய நாளிதழில், அவ்வாண்டு குளிர் இயல்பினும் குறைவாக இருக்கும் என்ற செய்தியை யாம் கண்டு அவரிடம் காட்டினோம். அவர் சினங்கொள்ளவில்லை. ‘அந்தச் செய்தி பொய் இல்லை, தம்பி. மொத்தத்தில் மிதமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் செடி மொத்தத்தில் நிற்கவில்லையே. இந்தப் பள்ளத்தில் அல்லவா நிற்கிறது!’ என்றார். கருகிய கொழுந்து மீண்டும் துளிர்த்துப் பறிக்கத் தகுதியாவதற்குப் பல வாரங்கள் செல்லும். அதுவரை அத்துண்டிலிருந்து வருவாய் இல்லை. அதில் கொழுந்து பறிக்கும் பெண்டிர்க்குக் கூலியும் இல்லை. ‘யாருக்கு மிதம்?’ என்னும் வினாவிற்கு விடையை யாம் அத்திண்ணையிற் பெற்றோம்.

இனிச் செய்தித்தாள்கள் உறைபனியை எவ்வாறு வருணிக்கின்றன என்பதையும் கூறாதிருத்தல் இயலாது. வெண்பட்டு விரித்தாற்போல் என்றும், காஷ்மீர்போல் காட்சி தருகின்றது என்றும், சுற்றுலா வந்தோர் கண்டு களித்தனர் என்றும் எழுதுகின்றனர். படமும் அழகாகவே இருக்கும். அந்த வெண்பட்டின் கீழே கருகிக்கொண்டிருப்பது ஒருவனுடைய ஆறு வார உழைப்பு என்பது படத்தில் தெரிவதில்லை. சொல்லிலும் குழப்பம் உண்டு. ‘பனி’ என்னும் நம் பழைய சொல் புல்நுனித் துளிக்கும் மூடுபனிக்கும் உறைபனிக்கும் இமயத்தின்மேல் பொழியும் வெண்பனிக்கும் பொதுவாகிவிட்டது. மலைவாழ் உழவரோ ‘நீர்ப்பனி’ வேறு, ‘உறைபனி’ வேறு என்று பிரித்துணர்ந்து, பருவத்தொடக்கத்தில் நீர்ப்பனி விழக் கண்டவுடனே உறைபனிக்கு முன்னேற்பாடு செய்வர். தமிழ் பயிலும் நாம் இச்சொற்களை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுதல் வேண்டும். உதகையில் புல்மேல் உறைந்ததனைப் ‘பனிப்பொழிவு’ என்று எழுதுதல் சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையுமாம். அது வானிலிருந்து பொழிந்ததன்று, நிலத்தின் குளிரால் அவ்விடத்திலேயே விளைந்தது.

காஷ்மீரை உவமை கூறுவோர் அந்நாட்டின் அண்மைக்கால நிலையையும் அறிதல் நன்று. அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்தைச் ‘சில்லாய் கலான்’ என்பர். 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் பெரும்பகுதியில், வெண்பனிக்குப் பெயர்பெற்ற குல்மார்க் மலைச்சரிவு வறண்டு வெறும் புல்லாய்க் கிடந்தது. ஸ்ரீநகரில் சில நாட்களில் பகல் வெப்பம் டில்லியின் பகல் வெப்பத்தையும் விஞ்சியது. ஆயினும் இரவில் அப்பள்ளத்தாக்கு உறைநிலைக்குக் கீழேயே இருந்தது. பகலைக் கண்டவர் ‘மிதம்’ என்றிருப்பர். இரவைக் கண்டவர் ‘கடுமை’ என்றிருப்பர். இருவர் கூற்றும் மெய்யே. அங்கோ இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. மலைமேல் குளிர்காலத்திற் சேரும் வெண்பனியே வேனிலில் உருகி ஆறாகி வயலுக்கும் பழத்தோட்டத்திற்கும் பாய்கின்றது. ஆகவே அம்மலையின் மென்குளிர், அப்பள்ளத்தாக்கின் நீர்ப்பஞ்சத்திற்கு முன்னோடியாதல் கூடும்.

மேகத்தால் உண்டாகும் மிதமும் ஒன்றுண்டு, அதுவும் அச்சமற்றதன்று. நம் நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மலையில் மேகம் கவிந்து நிற்கும் வரை இரவு வெதுவெதுப்பாகவே இருக்கும், உறைபனி அணுகாது. ஆனால் அம்மேகமே இடைவிடாது பொழியுமாயின், மண் நீரை ஏற்று ஏற்று இறுதியில் சரிந்துவிடும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையால் கேத்தி முதலிய இடங்களில் மண்சரிந்து நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களின் இரவு வெப்பநிலையை மட்டும் எடுத்துக் காண்போர் ‘குளிர் இல்லை’ என்றே கூறுவர். குளிர் இன்மையும் நலமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

‘உறைபனி இத்துணைக் கொடியதாயின், உலகு வெப்பமடைந்து அஃது ஒருநாள் ஒழிந்துபோதல் நன்றன்றோ?’ என்று சிலர் வினவலாம். நன்றன்று என்பது எம் விடை. நீலகிரியின் உயர்நிலத்தில் மடிப்புகளிலே சோலைக்காடும் அவற்றைச் சூழ்ந்து புல்வெளியும் பன்னெடுங்காலமாக அருகருகே இருந்துவருகின்றன. காடு ஏன் புல்வெளியை விழுங்கிவிடவில்லை என்பதற்கு அறிஞர் கூறும் காரணங்களுள் உறைபனியும் ஒன்று. சோலை மரத்தின் இளங்கன்று திறந்த வெளியில் முளைக்குமாயின் பனியிரவில் கருகிவிடுகின்றது. புல்லோ கருகியும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றது. அப்புல்வெளியே தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல், வரையாட்டின் வாழ்விடம், மழைநீரை உறிஞ்சிவைத்துக் கோடையில் ஓடைகளுக்கு வழங்கும் கருவூலம். ஆதலின் உழவனுக்குப் பகையாய் நிற்கும் குளிர், மலைக்குக் காவலாய் நிற்கின்றது. நாம் வேண்டத்தக்கது குளிரின் அழிவன்று. குளிரை முன்னறிந்து அதனோடு வாழும் ஒழுங்கு.

‘ஒவ்வொரு பள்ளத்தாக்கிற்கும் ஒரு வானிலை நிலையம் அமைத்தல் இயலுமா? பருவம் முழுமைக்கும் கூறும் முன்னறிவிப்பில் ஒருவன் தோட்டத்தை எவ்வாறு காட்டுவது?’ என்று அத்துறையினர் கேட்பின், அது நேரிய கேள்வியே. வாரத்திற்கு இருமுறை உழவர்க்கென மாவட்டந்தோறும் வானிலை அறிவுரைகள் வெளியிடப்படுகின்றன என்பதையும் யாம் மறக்கவில்லை. ஆயினும் இவற்றை உரிய இடத்தில் சேர்க்கும் பணி அத்துறையினர்க்கு மட்டும் உரியதன்று. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் உரியது. எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றுள் மூன்றினை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, மலைநாட்டுக் குளிரைப் பற்றிய செய்தியில் பகலையும் இரவையும் பிரித்துக் கூறுதல் வேண்டும். முன்னறிவிப்பில் அவை தனித்தனியே கூறப்பட்டிருந்தும், தலைப்பில் அவை ஒன்றாகிவிடுகின்றன. ‘பகல் வெப்பம் மிகலாம், வானம் தெளியும் இரவுகளில் பள்ளங்களில் உறைபனி விழலாம்’ என்று ஒரு வரி மிகுதியாக எழுதுவதனால் இதழுக்கு யாது குறை? இரண்டாவது, உழவர் வழங்கும் சொற்களாலேயே அதனைக் கூறுதல் வேண்டும். நீர்ப்பனி, உறைபனி, மூடுபனி என்னும் சொற்கள் உயிரோடிருக்க, எல்லாவற்றையும் ‘குளிர் அலை’ என்று பெயர்த்தல் எதற்கு? மூன்றாவது நம் கல்லூரிக்கே உரியது. கிறிஸ்து பிறப்பு விடுமுறை உறைபனிக் காலத்திலேயே வருகின்றது. அப்பொழுது மலையூர்களுக்குச் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் எளிய வெப்பமானி ஒன்றைக் கொண்டுசென்று, தத்தம் ஊரின் மேட்டில் ஒரு காலையும் பள்ளத்தில் ஒரு காலையும் விடியலில் புல்லின்மேல் வைத்துப் பார்த்துக் குறித்து வருவாராயின், சில ஆண்டுகளில் எந்தப் பள்ளம் எப்பொழுது உறையும் என்னும் குறிப்பேடு ஒன்று நம்மிடம் உளதாகும். பெருங்கருவி வேண்டுவதில்லை, விடியலில் எழும் வழக்கம் ஒன்றே வேண்டும்.

இது சமயத் தொண்டிற்குப் புறம்பான வேலை என்று எவரும் கருதற்க. 1865-இல் மணிலாவில் வானிலை நோக்ககம் ஒன்றை அமைத்தோர் இயேசு சபைத் துறவியர். ஹவானா நகரில் அச்சபையைச் சேர்ந்த பெனிட்டோ வினியெஸ் என்னும் குரு, மேகங்களின் போக்கை நாள்தோறும் குறித்துவந்து, 1875-இல் புயல் வரவை முன்கூட்டியே மக்களுக்கு அறிவித்தார். வேதாகமத்தில் யோசேப்பு, வளமான ஏழாண்டிற்குப்பின் வறுமை ஏழாண்டு வரும் என்று பார்வோனுக்கு உரைத்ததோடு நின்றாரல்லர். களஞ்சியங்களைக் கட்டித் தானியத்தைச் சேர்த்தார். களஞ்சியம் கட்டப்படாதிருந்தால் அவர் உரைத்தது வெறும் கனவின் விளக்கமாகவே போயிருக்கும். முன்னறிவிப்பு என்பது கேட்டு மகிழ்வதற்கோ கேட்டு அஞ்சுவதற்கோ உரியதன்று. கேட்டுச் செய்வதற்கு உரியது.

பொதினி மலைக்குத் தலைவனாகிய பேகன், மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்று படிக்கின்றோம். மயிலுக்குப் போர்வை வேண்டுமோ என்று வகுப்பறையில் நாம் நகைப்பதுண்டு. ஆயினும் அம்மலைத் தலைவன், அவ்வாண்டுக் குளிர் இயல்பினும் மிகுதியோ குறைவோ என்று வினவிக்கொண்டு நிற்கவில்லை. தன் கண்முன் நடுங்கிய ஓர் உயிரைக் கண்டான். சராசரி நமக்கு நாட்டின் நிலையைக் காட்டும். அயலானின் நிலையை நாமே சென்று காணல் வேண்டும். மாணவத் தோழர்களே, வரும் முன்பனிக் காலத்தில் ‘குளிர் மிதம்’ என்னும் செய்தியை நாம் காணும்போது அதனை நம்புவோம்; நம்பியபின், பள்ளத்தில் உள்ள தோட்டத்திற்குத் தழை போதுமா என்று ஒரு சொல் கேட்டு எழுதுவோம்.